கரிமூட்டமும் கண்மாயும்

விறகை அடுக்கி எரித்த கரிமூட்டத்தின் மேல் பூசியிருந்த மண்ணை உண்ணாமலை கம்பியால் மெல்லத் தட்டிப் பார்த்தாள். சூடு அடங்கியிருந்தது. பக்கத்தில் அவளோடு கரி போடும் அழகி தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்றாள். கரியைப் பிரிக்கும்போது உள்ளே எங்காவது கங்கு மிச்சமிருந்தால், காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். அப்புறம் அத்தனை நாள் பாடும் சாம்பல்தான். அதனால் மூட்டம் பிரிக்கிற காலையில் இருவரும் அநாவசியமாக வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஆவுடையார்கோவிலிலிருந்து கட்டுமாவடி போகும் பக்கம், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது நெட்டியேந்தல் என்கிற அந்தச் சின்ன ஊர். ஊர்க் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவை. உண்ணாமலை வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அதில் முழங்கால் ஆழத் தண்ணீரைக்கூடப் பார்த்ததில்லை. ஐப்பசி மழைக்கு அங்கங்கே பள்ளத்தில் தேங்கும். பொங்கலுக்குள் அதுவும் சுண்டிவிடும். கண்மாய் என்று யாராவது சொன்னால் அவள் மனதில் வருவது கருவைக் காடும் கரிப்புகையும்தான். முத்துராஜ் என்ற வியாபாரி மரத்தை ஏலத்தில் எடுப்பான். அவளைப்போல நிலமில்லாத பெண்கள் ஏழெட்டுப் பேர் வெட்டி, அடுக்கி, மூட்டம் போட்டுக் கரியாக்கிக் கொடுப்பார்கள். அவள் புருஷன் செல்லமுத்து கேரளாவில் கொத்து வேலை பார்த்தான். அவன் அனுப்புவது ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. மகள் சிவரஞ்சனி அறந்தாங்கியில் கல்லூரிக்குப் போய் வருவது இந்தக் கரியால்தான்.

ஜஸ்டின் கரைமேல் பைக்கை நிறுத்திவிட்டு முள்ளை ஒதுக்கிக்கொண்டு இறங்கி வந்தான். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன். ஊர் இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது நல்ல காரியம் செய்துகொண்டே இருப்பான்.

"அக்கா, நல்ல சேதி. நம்ம கண்மாயத் தூர்வாரப் போறோம். பர்மிஷன் வந்துருச்சு. அடுத்த வாரம் மிஷின் எறங்குது. இந்தக் கருவை அத்தனையும் வேரோட புடுங்கிப் போட்டுருவோம்."

அவன் முகமெல்லாம் சிரிப்பு. உண்ணாமலையும் சிரித்தாள். நல்ல சேதி என்று நல்ல பிள்ளை சொல்லும்போது சிரிக்காமல் எப்படி இருப்பது? சிவரஞ்சனிக்கு இடம் கிடைக்க அலைந்தவனும் அவன்தான்.

"நல்லதுங்க தம்பி," என்றவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். "அப்ப நாங்க எங்கிட்டுங்க போறது?"

ஜஸ்டின் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "அதெல்லாம் ஏதாச்சும் பண்ணுவோம்க்கா. மொதல்ல தண்ணி வரட்டும்," என்று சொல்லிவிட்டு, போன் வந்ததும் அதைக் காதில் வைத்துக்கொண்டே கரையேறிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் தெருக்குழாயில் குடத்தை வைத்தபோது உண்ணாமலைக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. குழாயில் காற்றுதான் வந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்பு. கண்மாய் வறண்டதால்தான் ஊரில் ஊற்று இறங்கி, தண்ணீரும் உப்புக் கரித்துப்போனது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அது நிஜமானால், கண்மாய் நிறைந்தால் இந்தக் குடமும் நிறையும். ஆனால் கண்மாய் நிறைந்தால் கருவை இருக்காது. கருவை இல்லாவிட்டால் உலையில் அரிசி இருக்காது. தண்ணீர் இருந்து அரிசி இல்லாமல் என்ன செய்வது? அரிசி இருந்து தண்ணீர் இல்லாமல்தான் என்ன செய்வது?

"நீ என்னடி சொல்ற?" என்று மகளைக் கேட்டாள்.

"கருவை இருக்கக் கூடாதும்மா. காலேஜ்லயும் அதான் சொல்றாங்க," என்ற சிவரஞ்சனி சற்று யோசித்தாள். "ஆனா கருவை இல்லன்னா நான் காலேஜுக்கே போக முடியாதுல்ல? எனக்கும் ஒண்ணும் புரியலம்மா."

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் புருஷனுக்குப் போன் போட்டாள். "எனக்கு இங்கிட்டு இருந்துக்கிட்டு என்ன தெரியும்? நீயே பாத்து முடிவு பண்ணு," என்று அவன் வைத்துவிட்டான்.

மறுநாள் முத்துராஜ் வந்தான். அவனுக்குக் குழப்பமே இல்லை. "தண்ணி வந்தா நிலம் வச்சிருக்கவன் வெவசாயம் பாப்பான். ஒங்களுக்கு என்ன வரும்? கொசுதான் வரும். மிஷின் எறங்குற அன்னைக்கு எல்லாரும் குறுக்க உக்காந்துருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றான்.

அவன் சொன்னதில் பாதி நியாயமாகத்தான் பட்டது. சொன்னவன் அவனாக இருந்ததால் மறுபாதி சந்தேகமாகவும் இருந்தது.

மே தினத்தன்று கிராம சபை கூடியது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பந்தல். ஆண்கள் நாற்காலியிலும் பெண்கள் விரித்த பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். கண்மாய்ப் பாசனத்தில் பெரிய நிலக்காரரான ரத்தினவேல் முன்வரிசையில் இருந்தார். தூர்வாரும் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஜஸ்டின் எழுந்து கண்மாய் நிறைந்தால் வரும் நன்மைகளைச் சொன்னான். கிணறு ஊறும், இரண்டு போகம் விளையும், ஆடு மாட்டுக்குத் தண்ணீர், புல், மீன். எல்லோரும் கை தட்டினார்கள். உண்ணாமலையும் தட்டினாள். தட்டி முடித்த பிறகு எழுந்து நின்றாள்.

"எல்லாம் நல்லதுதாங்க. நாங்க கரி போடுறவங்க. வயலு எங்களுக்குக் கெடையாது. தண்ணி வந்தா எங்களுக்கு என்னான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"இந்தா பாரும்மா," ரத்தினவேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாசனக்காரங்க பேச வேண்டிய விஷயம் இது. நிலம் இல்லாதவங்களுக்குக் கண்மாயில என்ன பேச்சு? உக்காரு."

யாரோ சிரித்தார்கள். ஜஸ்டின் கையிலிருந்த மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்ணாமலை உட்காரவில்லை. கூட்டத்தை விட்டு வெளியேறி நேராக வீட்டுக்கு நடந்தாள். கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை.

மிஷின் வந்த காலையில் அவள் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். பின்னாலேயே அழகியும் மற்றப் பெண்களும் வந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஒரு பீடியைப் பற்றவைத்தான். ஜஸ்டின் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"என்னக்கா இது? முத்துராஜ் தூண்டிவிட்டானா? ஊருக்குத் தண்ணி வேணாம்னு சொல்றீங்களா?"

"வேணாம்னு சொல்லலைங்க தம்பி."

"அப்ப வேணும்னு சொல்லி எந்திரிங்க."

"வேணும்னும் சொல்ல வரலைங்க." உண்ணாமலை தரையைக் கையால் நீவிக்கொண்டே பேசினாள். "குழாயில தண்ணி வந்தா நான்தான் மொதல்ல குடத்தத் தூக்கிட்டு ஓடுவேன். ஆனா நாளைக்கு எந்திரிச்சு எந்த வேலைக்குப் போறதுன்னு தெரியல. சபையில கேட்டேன். உக்காருன்னாங்க. அதான் உக்காந்திருக்கேன்."

பெண்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜஸ்டினுக்கு வரவில்லை. தான் செய்வது கலப்பில்லாத நன்மை என்று நம்பியிருந்தான். அதன் குறுக்கே கெட்டவர்கள்தான் நிற்பார்கள் என்று நினைத்திருந்தான். நிற்பதோ உண்ணாமலை அக்கா.

மிஷினைத் திருப்பி அனுப்பிவிட்டு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனான். போய் நின்ற இடம் வரத்து வாய்க்கால். மழைக்காலத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் வர வேண்டிய வழி அது. பாதி தூரம் வரை வாய்க்கால் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. இருந்த இடத்தில் மண் நிரவப்பட்டு, வரிசையாகத் தென்னை மரங்கள் நின்றன. ரத்தினவேலின் தோப்பு.

அவன் இதைப் புதிதாகப் பார்க்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். திட்டம் போட்ட முதல் நாளே அவன் கண்ணில் பட்டதுதான். தலைவரிடம் போய் எப்படிச் சொல்வது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தான். உண்ணாமலையிடம் மட்டும் "வேரோட புடுங்கிப் போட்டுருவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. அது எப்படி முடிந்தது? அந்தக் கேள்வி வந்ததும் அவனுக்கு வெட்கமாக இருந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த கூட்டத்துக்கு அவனே போய்க் கரி போடும் பெண்களை அழைத்து வந்தான். பாயில் உட்காரப் போனவர்களை நாற்காலியில் உட்காரச் சொன்னான். பிறகு எழுந்து நின்று சொன்னான்.

"கருவைய மிஷின் வச்சு ஒரேடியாப் புடுங்க வேணாம். இவங்களே கொஞ்சம் கொஞ்சமா வெட்டட்டும். மரமும் வேரும் இவங்களுக்கு. வெட்டி முடிச்ச எடத்த மிஷின் தோண்டட்டும். தண்ணி வந்த பெறகு மீன் குத்தகைய வெளியாளுக்கு ஏலம் விடாம, இவங்களையே ஒரு குழுவாக்கிக் குடுத்துருவோம். அப்புறம்..." முன்வரிசைப் பக்கம் திரும்பினான். "ரத்தினவேல் அண்ணே, வரத்து வாய்க்கால் மேல ஒங்க தென்னை நிக்குது. அத எடுக்காம கண்மாய எவ்வளவு தோண்டினாலும் வெறும் குழியாத்தான் கெடக்கும்."

பந்தலில் எல்லோரும் ரத்தினவேல் பக்கம் திரும்பினார்கள்.

ரத்தினவேல் எழுந்தார். "எங்கப்பா வச்ச மரம்டா அது. நான் முன்னால நிக்கிறதாலதான் இந்த வேலையே நடக்குது. இவங்களக் கூட்டியாந்து ஒக்கார வச்சு என்னைய அசிங்கப்படுத்துறியா?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதோடு எல்லாம் நின்றுபோனது. ஒரு பக்கம் மிஷின் வரவில்லை. மறுபக்கம், தகராறு தீரட்டும் என்று முத்துராஜும் கரி எடுக்க வரவில்லை. அவன் வேறு ஊரில் மரம் பிடித்துவிட்டான். கண்மாயும் இல்லை, கரியும் இல்லை. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று உண்ணாமலை பல தடவை நினைத்தாள். அப்படி ஒரு நாளில்தான் அழகி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். பனியன் கம்பெனியில் வேலை இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுத்துப் பாருடி. தண்ணி வந்தா..." என்று பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உண்ணாமலை சொன்னாள்.

"வந்தாத்தான?" என்றாள் அழகி. "பிள்ளைக அதுவரைக்கும் பொறுக்காதுக்கா."

உண்ணாமலை ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போனது.

ரத்தினவேலின் மனதிலும் அமைதி இல்லை. ஆனி பிறந்தும் அவர் போர்வெல்லில் தண்ணீர் ஏறவில்லை. மோட்டாரைப் போட்டால் சேறும் காற்றும் வந்தது. தென்னைகள் உச்சி சிறுத்து, மட்டை தொங்கிக் கிடந்தன. பிஞ்சுகள் முற்றாமலே உதிர்ந்தன. தினமும் காலையில் அந்தத் தோப்பில் நடக்கும்போது, ஜஸ்டின் சொன்ன சொல் காதில் குத்தியது. மரத்தைக் காப்பாற்றத்தான் தண்ணீருக்கு வழி விடாமல் நின்றார். வழி விடாததால் மரமும் சாகிறது. அப்பா வைத்தது என்பதால் தப்பு சரியாகிவிடுமா? வெட்டினால் ஊர் தன்னை ஜெயித்துவிட்டதாகச் சிரிக்காதா? பல நாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தார்.

ஆடியில் ஒரு நாள் உண்ணாமலைக்கு ஆள் அனுப்பினார். அவளும் மற்றப் பெண்களும் அரிவாளும் கோடரியுமாகப் போய் நின்றார்கள்.

"வாய்க்கால் மேல நிக்கிற வரிசைய எடுத்துருங்க," என்றார்.

உண்ணாமலை மரத்தடிக்குப் போனாள். கருவையை யோசிக்காமல் வெட்டுகிற கை. கோடரியை ஓங்கியவள் இறக்கிவிட்டாள்.

"தென்னம்பிள்ளைங்கய்யா. எப்படி வெட்டுறது? கை வரமாட்டேங்குது."

ரத்தினவேல் கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கோடரியை அவள் கையிலிருந்து வாங்கி முதல் வெட்டைத் தானே போட்டார். இரண்டாவது வெட்டுக்குப் பிறகு கோடரியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்குச் சபையில ஒன்னைய உக்காருன்னு சொன்னேன்," என்றார், அவளைப் பார்க்காமலே. "பொழப்பு போறதுன்னா நெஞ்சுக்குள்ள இப்படித்தான் இருக்கும்னு அப்ப எனக்குத் தெரியலம்மா."

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. பெண்கள் பகுதி பகுதியாகக் கருவையை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மிஷின் வேரைப் பறித்து மண்ணை அள்ளிக் கரையில் போட்டது. வேரும் கரியானது. முத்துராஜுக்காகக் காத்திராமல் சிவரஞ்சனி போனிலேயே வேறு வியாபாரியைப் பிடித்தாள். மீன் குத்தகையைக் கரி போடும் பெண்களின் குழுவுக்குக் கொடுப்பதென்று பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். வெட்டி முடிய முடிய, உண்ணாமலைக்குத் தன் கையாலேயே தன் வேலையை அழிக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு நாளும் கண்மாய் வெளுத்து, அகலமாகிக்கொண்டே போனது. இத்தனை பெரிய இடத்தில்தான் இத்தனை வருஷம் இருந்தோமா என்று திகைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடிந்ததும் சிவரஞ்சனி ஓடிவந்து கூப்பிட, உண்ணாமலை முக்காட்டைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனாள். வாய்க்கால் வழியாகச் செங்காவி நிறத்தில் தண்ணீர் நுரைத்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊரே கரையில் நின்று சத்தம் போட்டது. அவளுக்கோ முதலில் பயம்தான் வந்தது. மூட்டம் போட்ட மேடு எங்கே? கஞ்சி வைத்த நிழல் எங்கே? ஒன்றையும் அடையாளம் தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் தண்ணீர் பரவி, அதில் வானம் கிடந்தது. பக்கத்தில் நின்றவர்கள் எதற்கு அழுகிறாய் என்று கேட்டார்கள்.

முதல் வருஷம் கண்மாய் முக்கால்தான் நிறைந்தது. அதுவே போதுமாக இருந்தது. தை மாதத்தில் தெருக்குழாயில் தண்ணீர் விசையோடு விழுந்தது, உப்பு குறைந்திருந்தது. காலியாகக் கிடந்த வயல்களில் நாற்று நட்டார்கள். நடவுக்குக் கரி போட்ட பெண்களே போனதால் வெளியூர் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ஆட்டுக்காரர்கள் மந்தையைக் கரைப் பக்கம் ஓட்டி வந்தார்கள். எங்கிருந்தோ நாரைகளும் வந்து இறங்கின. ரத்தினவேலின் மிச்சமிருந்த தென்னைகளில் புதுக் குருத்து விட்டது.

குழுப் பெண்கள் மீன் குஞ்சு வாங்கி விட்டிருந்தார்கள். விட்ட பிறகும் உண்ணாமலைக்கு நம்பிக்கை வரவில்லை. கரியென்றால் கண்ணுக்கு முன்னால் கிடக்கும்; தண்ணீருக்குள் விட்டது இருக்கிறதா, செத்ததா என்று எதை வைத்துச் சொல்வது? பங்குனியில் வலைக்காரர்களைக் கூப்பிட்டு முதல் இழுப்பு இழுத்தபோது, வலைக்குள் கட்லாவும் ரோகுவும் துள்ளி விழுந்தன. ஒன்றைப் பிடிக்கப் போய் அது அவள் கையிலிருந்து வழுக்கி மறுபடியும் தண்ணீருக்குள் குதித்தது. கரையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று மத்தியானத்துக்குள் மீன் கரையிலேயே விற்றுத் தீர்ந்தது.

சாயங்காலம் அழகிக்குப் போன் போட்டு, எல்லாம் சொல்லி, "வந்துருடி," என்றாள்.

"பிள்ளைகள இங்க ஸ்கூல்ல சேத்துட்டேன்க்கா. இனிமே எங்க வாரது? முன்னாடியே யாராச்சும் நம்மளக் கேட்டிருந்தா நானும் அங்கதான இருந்திருப்பேன்," என்றாள் அழகி. மீன் விற்ற சந்தோஷம் உண்ணாமலைக்கு அத்தோடு பாதியாகிவிட்டது.

வைகாசியில் அன்னவாசல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அவர்கள் ஊர்க் குளமும் கருவை மண்டிக் கிடந்தது. நெட்டியேந்தலைப் பார்த்துவிட்டு அதேபோல் செய்ய வேண்டுமென்று ஆசை. ஜஸ்டின் கரை, மடை, வாய்க்கால் எல்லாவற்றையும் காட்டி விளக்கினான். வந்தவர்களில் ஒருவர், "எங்க ஊருக்கு எந்த மிஷின் சரியா இருக்குங்க? மொதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

ஜஸ்டின் பதில் சொல்லாமல் திரும்பிப் பார்த்தான். "அக்கா, நீங்க சொல்லுங்க. என்னைவிட இது ஒங்களுக்குத்தான் தெரியும்."

உண்ணாமலை தயங்கினாள். "எனக்கு மிஷினப் பத்தியெல்லாம் தெரியாதுங்க. வர்ற வருஷம் மழை பேயுமா, மீனு இருக்குமான்னும் தெரியாது. இப்பவும் எனக்குப் பாதி குழப்பந்தான்," என்றாள். வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்றேங்க. ஒங்க குளத்துல இப்ப யாரு பொழைக்கிறாங்கன்னு மொதல்ல போய்ப் பாருங்க. கரி போடுறவங்க இருப்பாங்க, ஆடு மேய்க்கிறவங்க இருப்பாங்க. அவங்களக் கூப்பிட்டு ஒக்கார வச்சுக் கேளுங்க. அப்புறம் வாய்க்கால மறிச்சு வச்சிருக்க பெரியவங்களையும் அதே வரிசையில ஒக்கார வச்சுக் கேளுங்க. எங்க ஊர்ல கொஞ்சம் லேட்டாக் கேட்டாங்க. அதுக்குள்ள ஒருத்தி ஊர விட்டே போய்ட்டா."

அந்தக் கூட்டத்தில் ரத்தினவேலும் நின்றிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"தண்ணி ஊருக்குப் பொதுன்னா, அதுக்காக வர்ற நட்டமும் பொதுவா இருக்கணுங்க," என்றாள் உண்ணாமலை. "இல்லாதவன் தலையில மட்டும் அதக் கட்டிட்டு எந்தக் குளத்தையும் நெறைக்காதீங்க."